எல்லையும் வேலியும்: முற்பட்ட இடைக்காலச் சாக்சனியரின் நில ஒழுங்கு பற்றிய சில குறிப்புகள்

கி.பி. 679 ஆம் ஆண்டு மே மாதத்திலே கென்ற் நாட்டு மன்னன் லோதர், ரெக்கல்வர் மடத்தின் தலைவரான பெர்ட்வால்ட் என்பாருக்குத் தானெற் தீவில் நிலம் வழங்கி ஓர் உறுதி எழுதுவித்தான். இங்கிலாந்தில் மூலப்படியாகவே எஞ்சியுள்ள நிலச் சாசனங்களுள் இதுவே பழைமையானது. இலத்தீன் மொழியிலமைந்த அச்சாசனத்தில் நிலத்தின் எல்லை பற்றி வருவது ஒரேயொரு தொடராகும். தானும் தன் அதிகாரிகளும் காட்டிக் கொடுத்த, யாவரும் நன்கறிந்த எல்லைகளின்படியே நிலம் வழங்கப்படுகின்றது என மன்னன் கூறி அமைகின்றான். எந்த ஓடை, எந்த மரம், எந்த மேடு என்ற விபரம் எதுவும் அங்கில்லை.

இதற்கு ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகளின் பின்னர் எழுதப்பட்ட சாசனங்களை எடுத்து நோக்குவோமாயின் நிலைமை முற்றிலும் வேறாகும். 10 ஆம் நூற்றாண்டு உறுதிகளிலே எல்லைக்குறிப்பு மக்கள் பேசிய பழைய ஆங்கிலத்திலே எழுதப்பட்டது. பழைய முள்மரம், நரைத்த கல், சிவந்த பள்ளம், படை செல்லும் பாதை, புறச்சமயத்தாரின் புதைகுழி என ஒவ்வோர் அடையாளமாகச் சுட்டி, தொடங்கிய இடத்துக்கே வந்து சேரும்வரை எல்லை சுற்றி வருகின்றது. யாவரும் நன்கறிந்ததாக இருந்த எல்லையை மரம் மரமாக எழுதிவைக்க வேண்டிய தேவை எவ்வாறு ஏற்பட்டது? இவ்விடைக்காலத்திலே நிலத்துக்கும் அதில் வாழ்ந்தோருக்குமிடையில் நிகழ்ந்தது யாது? இவ்வினாக்களையே இக்கட்டுரையில் நாம் ஆராய முற்படுகின்றோம்.

இவ்வினாவுக்கு 19 ஆம் நூற்றாண்டு அறிஞர் கூறிய விடை மிகவும் புகழ்பெற்றதாகும். 1849 இல் வெளியான 'இங்கிலாந்திற் சாக்சனியர்' என்னும் நூலில் ஜோன் மிற்சல் கெம்பிள், ஜேர்மானியக் காடுகளிலிருந்து வந்த சுதந்திரக் குடியானவர்கள் காட்டை வெட்டி, நிலத்தைப் பொதுவில் வைத்து, தம்முட் சமமாகப் பங்கிட்டு, 'மார்க்' எனப்படும் தன்னாட்சிக் கிராமங்களை நிறுவினர் என்று எழுதினார். பிரபுத்துவமும் அடிமை நிலையும் பின்னர் வந்து சேர்ந்த கேடுகள் என்பது இக்கொள்கையின் உட்கிடை. இக்கருத்து இங்கிலாந்தின் எல்லைக்குள் நின்றுவிடவில்லை. 1862 முதல் 1869 வரை இந்திய அரசப் பிரதிநிதியின் சபையிற் சட்ட உறுப்பினராயிருந்த சேர் ஹென்றி மெயின், 1871 இல் வெளியிட்ட 'கீழைத்தேயத்திலும் மேலைத்தேயத்திலும் கிராம சமுதாயங்கள்' என்னும் நூலில், ஜேர்மானிய மார்க்கும் இந்தியக் கிராமமும் ஒரே ஆரிய மூலத்தின் இரு கிளைகள் என்று வாதிட்டார். இலங்கையின் பிரதம நீதியரசராகக் கடமையாற்றிய சேர் ஜோன் பட் பியர், 1880 இல் 'இந்தியாவிலும் இலங்கையிலும் ஆரியக் கிராமம்' என்ற தலைப்பிலேயே ஒரு நூலை வெளியிட்டார். சாக்சனியக் கிராமம் பற்றிய ஒரு கற்பிதம் எமது நாட்டுக் கிராமங்களை நோக்குதற்கும் கண்ணாடியாக அமைந்தது என்பதனை மறத்தலாகாது. எனவே இப்பொருள் எமக்கு முற்றிலும் அந்நியமானதன்று.

1883 இல் பிரெடரிக் சீபோம் இக்கொள்கையைத் தலைகீழாக மாற்றினார். ஹிற்சின் என்னும் தமது ஊரின் திறந்த வயல்களைக் காட்டும் நிலப்படங்களிலிருந்து தொடங்கிய அவர், படிப்படியாகப் பின்னோக்கிச் சென்று, ஆங்கிலக் கிராமத்தின் தொடக்கத்திற் காணப்படுவது சுதந்திரமன்று, உரோமப் பண்ணைகளிலிருந்து தொடர்ந்து வந்த அடிமை உழைப்பே என்றார். சுதந்திரமா, அடிமையா என்ற இவ்வழக்கு வெறும் பழைமை ஆராய்ச்சியன்று. அக்காலத்து நிலவுடைமைப் போராட்டங்களில் ஈடுபட்டோர் தத்தமக்கு வேண்டிய முன்னோரைத் தேடிய களமாகவும் அது விளங்கிற்று. 1897 இல் மெயிற்லண்ட் 'டூம்ஸ்டே ஏடும் அதற்கு அப்பாலும்' என்ற நூலில் இரு சாராரையும் நிதானமாக விசாரித்துச் சுதந்திரக் குடியானவரின் பக்கம் சாய்ந்தார். இம்மூவரும் ஏறக்குறைய எழுத்துச் சான்றுகளை மட்டுமே கொண்டு வாதிட்டனர். மண்ணின் சான்று அவர்களுக்குக் கிடைக்கவில்லை.

மண் கூறுவதென்ன? முதலாவதாக, சாக்சனியர் வெறுங்காட்டில் வந்து இறங்கினர் என்ற கருத்து இன்று நிலைக்கவில்லை. 1955 இல் வெளியான 'ஆங்கில நிலத்தோற்றத்தின் உருவாக்கம்' என்னும் புகழ்பெற்ற நூலில் ஹொஸ்கின்ஸ், காட்டை வென்ற சாக்சனியக் குடியேறிகளைப் பற்றி மனங்கவரும் சித்திரமொன்றை வரைந்தார். ஆனால் விமானத்திலிருந்து எடுக்கப்பட்ட நிழற்படங்கள் உரோமர் காலத்துப் பண்ணைகளையும் வயல்களையும் நாடெங்கும் செறிவாகக் காட்டத் தொடங்கியபோது, நிலத்தோற்றத்தில் உள்ள யாவும் தாம் எண்ணியதிலும் பழைமையானவை என அவரே 1970 களில் வந்த பதிப்பின் முன்னுரையில் ஒப்புக்கொண்டார். தம் முதன்மையான கருத்தொன்றைத் தாமே திருத்தும் நேர்மை ஆய்வுலகில் அரிதாகவே காணப்படுவதால் இதனைக் குறித்தல் தகும். உரோம ஆட்சி 5 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அகன்றதும் உழவு குறைந்தது, மேய்ச்சல் பெருகியது. ஆயினும் நாடு முழுவதும் மீண்டும் காடாகிவிடவில்லை என்பதை மகரந்தத் தூள் ஆய்வுகள் புலப்படுத்துகின்றன.

நிலம் வெறுமையாக இருக்கவில்லை எனின் அங்கு வாழ்ந்த பிரித்தானியர் யாதாயினர்? 6 ஆம் நூற்றாண்டிற் கில்டாஸ் என்னும் துறவி எழுதிய புலம்பல் நூல் வாளையும் நெருப்பையுமே காட்டுகின்றது. 731 இல் தம் வரலாற்றை நிறைவுசெய்த பீட் அதனையே பின்பற்றினார். இதற்கு எதிராக, வந்தோர் ஒருசிலரே, உள்ளோரே உடையையும் மொழியையும் மாற்றிக்கொண்டனர் என்ற கருத்து 20 ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிற் செல்வாக்குப் பெற்றது. 2022 இல் வெளியான மரபணு ஆய்வொன்று இரண்டையும் திருத்தும்படி செய்தது. கிழக்கு, தென் இங்கிலாந்தின் அக்காலக் கல்லறைகளில் அடக்கப்பட்டோரின் மரபுவழியில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு வடகடலின் மறுகரையிலிருந்து வந்ததென அது காட்டிற்று. அதேவேளை, வந்தவரும் இருந்தவரும் ஒரே கல்லறையில், ஒரே குடும்பமாகவும் அடக்கப்பட்டிருந்தனர். குடிபெயர்வு பெரிதாகவே நிகழ்ந்தது. ஆனால் அது முற்றொழிப்பு அன்று என்றே கொள்ளல் வேண்டும். வெசெக்ஸ் மன்னன் இனேயின் சட்டங்கள் 7 ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் 'வேல்ஷ்' மக்களைத் தனிவகுப்பாகக் கண்டன. ஐந்து ஹைட் நிலமுடைய வேல்ஷ்காரனின் உயிர்விலை 600 சிலிங், வரி செலுத்தும் வேல்ஷ்காரனது 120 சிலிங் என அவை விதித்தன. வென்றவரின் சட்டத்தில் தோற்றவனுக்கு விலை குறைவு. எனினும் அவனுக்கு நிலம் இருந்தது.

இனி, குடியேறியோர் எவ்வாறு வாழ்ந்தனர் என நோக்குவோம். தேம்ஸ் நதியின் முகத்துவாரத்தை நோக்கிய சரளைக்கல் மேட்டில் அமைந்த மக்கிங் என்னுமிடம் 1965 முதல் 1978 வரை மாக்கிரட் ஜோன்ஸ், ரொம் ஜோன்ஸ் தம்பதியரால் அகழப்பட்டது. சரளை தோண்டுவோர் நிலத்தை விழுங்கிக்கொண்டிருக்க, அவர்களை முந்திக்கொண்டு செய்யப்பட்ட அகழ்வு அது. 200 க்கு மேற்பட்ட பள்ளக் குடில்களும் 50 க்கு மேற்பட்ட மரத்தூண் வீடுகளும் அங்கு வெளிப்பட்டன. இவ்வெண்ணிக்கையைக் கண்டு அதனைப் பேரூரெனக் கருதுதல் தவறாகும். 5 ஆம் நூற்றாண்டு முதல் 8 ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரையில், ஒரு தலைமுறை கட்டியதை அடுத்த தலைமுறை கைவிட்டுச் சற்று அப்பாற் கட்ட, சிற்றூரொன்று மேட்டின்மீது மெல்ல மெல்ல நகர்ந்து சென்றது என்பதே இதன் பொருள். சவோக் மாகாணத்தில் லார்க் ஆற்றங்கரையில் ஸ்ரான்லி வெஸ்ற் அகழ்ந்த வெஸ்ற் ஸ்ரோ என்னும் ஊரிலும் ஏறக்குறைய எழுபது பள்ளக் குடில்களும் ஏழு சிறு மண்டபங்களுமே இருந்தன. அங்கும் ஒரே காலத்தில் நிலவியவை மூன்று நான்கு குடும்பங்களின் மனைகளே.

இவ்வூர்களில் இருந்தவற்றிலும் இல்லாததே எமது கவனத்தைக் கவர்கின்றது. வீட்டுக்கும் வீட்டுக்கும் இடையில் வேலியில்லை. தெருவில்லை. இன்னாருடைய வளவு இதுவெனப் பிரிக்கும் கோடு எதுவும் முதல் இரு நூற்றாண்டுகளில் ஏறக்குறைய இல்லை எனலாம். இது அவர்களது தாயகத்து வழக்கமுமன்று. ஜேர்மனியின் வடகடற் கரையிலுள்ள பெடர்சன் வீர்ட என்னும் மண்மேட்டூரை 1955 முதல் 1963 வரை வேர்னர் ஹார்னாகல் அகழ்ந்தபோது, மனிதரும் மாடுகளும் ஒரே கூரையின்கீழ் வாழ்ந்த நீண்ட வீடுகள் வேலியிட்ட வளவுகளில் வட்டமாக ஒழுங்குற நின்றமை தெரியவந்தது. அவ்வூர் 5 ஆம் நூற்றாண்டிற் கைவிடப்பட்டது. கடலைக் கடந்து வந்தோரின் வீடுகளிலோ மாட்டுத் தொழுவம் காணப்படவில்லை. ஜேர்மானியக் காட்டிலிருந்து கிராம அமைப்பை அப்படியே மூட்டைகட்டிக் கொண்டுவந்தனர் என்ற கெம்பிளின் கொள்கைக்கு இதனிலும் வலிய மறுப்பு வேண்டுவதில்லை. கொண்டுவர முயன்றிருப்பினும், சிதறிய சிறு குடும்பங்களுக்கு அவ்வமைப்புப் பொருந்தவில்லை போலும்.

வேலி இல்லாமையை ஒழுங்கு இல்லாமையென மயங்குதலும் கூடாது. நோர்போக்கில் ஸ்போங் ஹில் என்னும் சுடலையில் 2000 க்கு மேற்பட்ட சாம்பற் தாழிகள் அடக்கம் செய்யப்பட்டிருந்தன. ஓர் ஊருக்கு அத்தனை இறந்தோர் இருத்தல் இயலாது. சுற்றுப்புறத்துச் சிற்றூர்கள் பலவும் தம் இறந்தோரை அங்குக் கொணர்ந்தன. இருப்போர் இடம்பெயர்ந்து கொண்டேயிருக்க, இறந்தோர் ஓரிடத்தில் நிலைத்திருந்தனர். ஒரு வட்டாரத்தை ஒன்றாகப் பிணைத்த நிலையான புள்ளி சுடலையே எனக் கொள்ளலாம். பிற்காலத்தில் 'நூறு' எனப்பட்ட வட்டாரங்களின் மன்றங்கள் பல பழைய புதைமேடுகளிற் கூடியமையும் இத்தொடர்பிற் சிந்திக்கத்தக்கது. பார்க்சயரின் மாகாண மன்றம் 990 ஆம் ஆண்டளவிலே குவிச்செல்ம் என்பவனின் பெயரால் வழங்கிய மேட்டிற் கூடி ஒரு காணி வழக்கை விசாரித்தது.

அவ்வட்டாரங்களின் பெயர்களே அக்கால நிலவரைபடமாகும். 'சாக்சனியர் குலப்பட்டியல்' என நாம் அழைக்கக்கூடிய பழைய வரிக் கணக்கொன்று ஒவ்வொரு மக்கட் குழுவுக்கும் எத்தனை ஹைட் என வரையறுக்கின்றது. மேர்சியாவுக்கு 30,000, கென்றுக்கு 15,000, தென் சாக்சனியருக்கு 7,000 எனப் பேரரசுகள் வரும் அதே பட்டியலிலே, 300 ஹைட் மட்டுமுடைய சிறு குழுக்களும் வருகின்றன. அவற்றுள் ஒன்று ஹிக்கா. சீபோம் தம் ஆய்வைத் தொடங்கிய ஹிற்சின் இம்மக்களின் பெயரையே தாங்கி நிற்கின்றது. ஹைட் என்பது தொடக்கத்தில் நிலத்தின் பரப்பளவன்று. ஒரு குடும்பத்தின் நிலம் என்றே பீட் அதனை இலத்தீனிற் பெயர்த்தார். மண் வளமானால் ஹைட் சிறிதாகும், வறிதானால் பெரிதாகும். அளக்கப்பட்டது நிலமன்று, அது தாங்கிய குடும்பமும் அக்குடும்பம் செலுத்தக்கூடிய கடமையுமே. இதனை மனத்திற் கொள்ளாது ஹைட்டை ஏக்கராக மாற்ற முனைந்தோர் பெருங் குழப்பத்துக்கு ஆளாயினர்.

அக்கடமை யாதெனின், பெரும்பாலும் உணவு. பத்து ஹைட் நிலத்திலிருந்து இறுக்கவேண்டியவற்றை இனேயின் சட்டம் வரிசைப்படுத்துகின்றது: பத்துக் கலம் தேன், 300 அப்பம், 12 அம்பர் வேல்ஷ் மது, 30 அம்பர் தெளிந்த மது, முழு வளர்ச்சியுற்ற இரு மாடுகள் அல்லது பத்து ஆட்டுக்கடாக்கள், பத்து வாத்து, 20 கோழி, பத்துப் பாற்கட்டி, ஓர் அம்பர் வெண்ணெய், ஐந்து சால்மன் மீன், 20 இறாத்தல் தீவனம், 100 விலாங்கு. இப்பட்டியலைச் சற்று ஊன்றி நோக்கினால் ஒரு நிலத்தோற்றமே கண்முன் விரியும். தேனுக்குக் காட்டோரமும் விலாங்குக்குச் சதுப்பும் பாற்கட்டிக்குப் புற்றரையும் அப்பத்துக்கு உழுநிலமும் வேண்டும். ஆகவே ஒவ்வொரு பெருநிலமும் பலவகை நிலங்களைத் தன்னுட் கொண்டிருத்தல் அவசியமாயிற்று. பார்லிப் பண்ணை, ஆட்டுப் பண்ணை எனத் தொழிலைச் சுட்டும் பார்ட்டன், ஷிப்ரன் போன்ற ஊர்ப்பெயர்கள் ஒரு பெருநிலத்தின் உறுப்புகளாக இவ்விடங்கள் இருந்தமைக்குச் சான்றாகும்.

இவ்வாறு பிரிந்து கிடந்த உறுப்புகளுக்குக் கென்றைப் போலச் சிறந்த எடுத்துக்காட்டு வேறில்லை. அந்நாட்டின் வடபகுதி வயல்வளம் மிக்கது. தெற்கே வீல்ட் என்னும் பெருங்காடு. வடக்கிலிருந்த ஒவ்வொரு குழுவுக்கும் தெற்கே காட்டில் 'டென்' எனப்பட்ட பன்றி மேய்ச்சலிடம் உரியதாயிருந்தது. இலையுதிர் காலத்தில் ஓக் விதைகள் உதிரும்போது பன்றிகளை ஓட்டிச் செல்வர். ரென்ரர்டன் என்னும் ஊர்ப்பெயர் 'தானெற் மக்களின் டென்' என்ற பொருளுடையது. தானெற்றோ அங்கிருந்து முப்பது மைல்களுக்கு மேல் அப்பாலுள்ளது. அப்பன்றிகள் நடந்த தடங்கள் கென்றில் வடகிழக்கிலிருந்து தென்மேற்காகச் செல்லும் ஒழுங்கைகளாக இன்றும் உள்ளன. இனேயின் சட்டமும் மரத்தைப் பன்றியால் அளந்தது: முப்பது பன்றிகள் கீழே நிற்கக்கூடிய மரமொன்றை வெட்டியவன் 60 சிலிங் இறுக்கவேண்டும்.

ஏறத்தாழ 600 ஆம் ஆண்டையொட்டி இவ்வேலியற்ற உலகில் வேலி தோன்றுகின்றது. நோதம்பிரியாவில் யீவரிங் என்னுமிடத்தை 1950 களிலும் 1960 களின் தொடக்கத்திலும் அகழ்ந்து 1977 இல் அறிக்கை வெளியிட்ட பிறையன் ஹோப்-ரெய்லர், நேர்கோட்டில் அமைந்த பெரு மண்டபங்களையும், கால்நடைகளை அடைத்திருக்கக்கூடிய பெரும் அடைப்பொன்றையும், படிப்படியான இருக்கைகளோடு கூடிய மன்றமொன்றையும் கண்டார். போலினஸ் 36 நாட்கள் மக்களுக்குத் திருமுழுக்களித்தாரெனப் பீட் கூறும் மன்னர் இருக்கை இதுவேயாம். ஹம்சயரிலுள்ள கௌடரிஸ் டவுன் என்னுமிடத்திலும் பெருவீடுகள் சதுர அடைப்புகளோடு இணைந்து நின்றன. மேலே கூறிய மக்கிங்கிலும் இறுதிக் கட்டத்தில் வேலிகள் தலைகாட்டின. மேன்மக்கள் சிலர் தம்மைப் பிறரினின்று வேறுபடுத்திக்கொண்ட காலமும் வேலி எழுந்த காலமும் ஒன்றாயிருத்தல் தற்செயலன்று என்பதே எமது துணிபு.

இவ்விடத்தில் இனேயின் சட்டத்தொகுதியிற் சற்றுத் தங்குதல் வேண்டும். 688 க்கும் 694 க்கும் இடையில் ஆக்கப்பட்ட இச்சட்டங்கள், 9 ஆம் நூற்றாண்டின் இறுதியில் அல்பிரட் மன்னன் தன் சட்டநூலுக்கு இணைத்த பின்னிணைப்பாக மட்டுமே எமக்குக் கிடைத்துள்ளன என்பதை நினைவிற் கொள்வோம். நாற்பதாம் விதியின்படி, சியோர்ல் எனப்பட்ட சாதாரண சுதந்திரக் குடியானவனின் மனை மாரியிலும் கோடையிலும் வேலியிடப்பட்டிருக்க வேண்டும். வேலியடைக்காது விட்டவனின் பொட்டினூடாக அயலானின் மாடு புகுந்தால், அவனுக்கு எந்த நட்டஈடும் இல்லை. மாட்டைத் துரத்திவிட்டு நட்டத்தைத் தானே பொறுக்கவேண்டும். நாற்பத்திரண்டாம் விதி மேலும் கூர்மையானது. சியோர்ல்கள் சிலருக்குப் பொதுவான புற்றரையோ பங்கிட்ட நிலமோ உள்ளது. சிலர் தத்தம் பங்கினை வேலியடைத்தனர், சிலர் அடைக்கவில்லை. கட்டாக்காலி மாடுகள் புகுந்து பயிரையும் புல்லையும் தின்றுவிட்டன. அப்போது பொட்டுக்குச் சொந்தக்காரர், அடைத்தவர்களுக்கு நட்டஈடு செலுத்தவேண்டும். வேலியை உடைத்துக்கொண்டு எங்கும் புகும் மாடாயின், அதன் சொந்தக்காரன் அதனை அடக்க விரும்பாமலோ இயலாமலோ இருந்தால், தன் வயலிற் கண்டவன் அதனைக் கொல்லலாம். தோலும் இறைச்சியும் மட்டுமே சொந்தக்காரனுக்கு.

இவ்விதிகளைத் திறந்த வயல் முறைக்குச் சான்றாக, அதாவது ஊரவர் அனைவரின் நிலமும் நீண்ட கீற்றுகளாகக் கலந்து கிடந்து, எல்லோரும் ஒரே சுழற்சியில் உழுது விதைத்த முறைக்குச் சான்றாக, முன்னைய அறிஞர் பலர் காட்டினர். ஜோன் தேர்ஸ்க் என்னும் பெண் அறிஞர் 1964 இல் எழுதிய கட்டுரையொன்றில், கீற்றுகள் இருத்தல் வேறு, பொதுச் சுழற்சியும் பொது மேய்ச்சலும் ஊர்க்கூட்டமும் உள்ள முழுமுறை வேறு, இரண்டையும் ஒன்றாக்குதல் பிழை என எச்சரித்தார். எமது கருத்தில் அவ்வெச்சரிக்கை பொருத்தமானதே. இனேயின் சியோர்ல்கள் பங்கிட்டதும் பொதுவில் வேலியடைத்ததும் உண்மை. ஆயினும் பிற்காலத்து மத்திய இங்கிலாந்தின் பெருவயல் அமைப்பை அதில் ஏற்றிச் சொல்லுதற்கு ஆதாரமில்லை. அங்குக் காண்பது அயலவர் சிலர் ஒருவரையொருவர் நம்பியும் நம்பாமலும் வாழ்ந்த ஒரு சிறு ஏற்பாடு; கெம்பிள் கனவுகண்ட சமத்துவ சமுதாயத்தை அங்குத் தேடுதல் வீண். அதேவேளை, வேலி வழக்கைத் தமக்குள் தாமே தீர்த்துக்கொள்ளும் இம்மனிதரைச் சீபோமின் அடிமைகளென அழைத்தலும் பொருந்தாது.

எனினும் அதே தொகுதியின் இன்னொரு மூலையில் வேறொரு குரல் கேட்கின்றது. அறுபத்தேழாம் விதி, 'யார்ட்' எனப்பட்ட கால் ஹைட் நிலத்தை வாடகைக்கு எடுத்து உழுதவனைப் பற்றியது. நிலக்கிழான் வாடகையோடு உழைப்பையும் கேட்பானாயின், குடியிருக்க வீடு தந்தாலன்றி அவன் அதற்கு இணங்கவேண்டியதில்லை. வீடு தந்திருந்தால்? விதி அதனை வெளிப்படையாகக் கூறவில்லை; கூறத் தேவையுமிருக்கவில்லை. இருபது ஹைட் நிலமுடைய பெருமகன் வேறிடம் செல்வதாயின் அதில் பன்னிரண்டு ஹைட் பயிரிடப்பட்ட நிலமாக விட்டுச்செல்ல வேண்டும் என்று கூறும் விதியும் அருகிலேயே உள்ளது. மன்னனிடமிருந்து நிலம் பெற்றவர், அதில் ஆட்களைக் குடியேற்றி உழைப்பைப் பெறும் முறை 7 ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே தொடங்கிவிட்டது என்பதற்கு இவை போதுமான சான்றாகும். சுதந்திரமும் பிணைப்பும் ஒன்றன்பின் ஒன்றாக வந்த இரு யுகங்களல்ல. ஒரே சட்டத்தின் இரு பக்கங்களாக அவை அருகருகே நின்றன.

இம்மாற்றத்தை விரைவுபடுத்தியது திருச்சபை. மடங்களுக்கு நிலம் நிரந்தரமாக வேண்டும். ஒரு மன்னன் தந்ததை அடுத்த மன்னன் மீளப்பெறுதல் ஆகாது. ஆகவே எழுதப்பட்ட உறுதி வந்தது. அவ்வுறுதியாற் பெற்ற நிலம் 'புக்லண்ட்' எனப்பட்டது. 655 இல் வெற்றியொன்றின் பின் நோதம்பிரிய மன்னன் ஓஸ்வியு பத்துக் குடும்ப நிலமாகப் பன்னிரு நிலங்களைத் திருச்சபைக்கு வழங்கினான் எனப் பீட் மகிழ்ந்து எழுதுகின்றார். அதே பீட் 734 இல் தம் மாணவரான யோர்க் ஆயர் எக்பேர்ட்டுக்கு எழுதிய கடிதத்தில் மகிழ்ச்சி இல்லை. துறவறமே அறியாத பிரபுக்கள் மடம் கட்டுவதாகச் சொல்லி உறுதி எழுதுவித்து நிலத்தைத் தம் பரம்பரைச் சொத்தாக்கிக் கொண்டனர், நாட்டைக் காக்கும் இளம் வீரருக்கு வழங்க நிலமே எஞ்சவில்லை என்பது அவரது முறைப்பாடு. இறைவனுக்கென வந்த எழுத்தாவணம் எத்துணை விரைவில் மனிதரின் பேராசைக்குக் கருவியாயிற்று என்பதனை அவர் தம் வாழ்நாளிலேயே கண்டார்.

மடங்கள் கொணர்ந்தது உறுதி மாத்திரமன்று. 2018 இலும் 2020 இலும் வெளியான நூல்களில் ஜோன் பிளேயரும் அவரது சக ஆய்வாளர்களும், 7, 8 ஆம் நூற்றாண்டுகளிற் பல குடியிருப்புகள் 15 அடி கொண்ட கோலால் அளக்கப்பட்ட சதுரக் கட்டத்தின்மீது அமைக்கப்பட்டன என வாதிட்டனர். உரோம நில அளவையாளரின் நூல்களை மடங்கள் பேணியமையால் இக்கலை மீண்டது என்பது அவர்கள் கருத்து. எல்லா எடுத்துக்காட்டுகளும் எம்மைத் திருப்திப்படுத்தவில்லை. போதிய கோடுகள் உள்ள எந்த வரைபடத்திலும் ஒரு கட்டத்தைப் பொருத்திவிடலாம் என்ற ஐயம் எழுதல் இயல்பே. ஆயினும் தூண்குழிகள் தெளிவாகக் கட்டத்தில் வீழும் இடங்கள் சில உள்ளன. உழவுக் கருவியிலும் இக்காலத்து மாற்றமொன்று உண்டு. கென்றிலுள்ள லிமிஞ் என்னும் அரச, மடாலயத் தலத்தில் 2010 இல் கண்டெடுக்கப்பட்ட 7 ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த இரும்புக் கலப்பைக் கத்தி, கனத்த மண்ணை வெட்டிப் புரட்டும் பெருங்கலப்பை அக்காலத்திலேயே அறியப்பட்டிருந்தமையைக் காட்டுகின்றது. அத்தகைய கலப்பைக்குப் பல எருதுகள் வேண்டும். பல எருதுகள் பலரிடமே இருக்கும். எளிதில் திருப்ப இயலாத அக்கலப்பைக்கு நீண்ட சால் வசதியானது. மத்திய இங்கிலாந்தில் 8 ஆம் நூற்றாண்டு தொடக்கம் 10 ஆம் நூற்றாண்டு வரை, சிதறிய சிற்றூர்கள் கைவிடப்பட்டு மக்கள் ஓரூரில் திரண்டு, சுற்றியுள்ள நிலம் முழுவதும் நீண்ட கீற்றுகளாக மாற்றப்பட்டமைக்கு இது காரணங்களுள் ஒன்றாகும். ஒரேயொரு காரணமாக இதனைக் கொள்ளுதல் இயலாது. ஏனெனில் கனத்த மண்ணும் எருதும் இருந்தும் கென்றும் எசெக்ஸும் அவ்வழியிற் செல்லவில்லை.

9, 10 ஆம் நூற்றாண்டுகளிற் பழைய பெருநிலங்கள் துண்டாடப்பட்டன. எசெக்சில் ரோடிங் என்ற ஒரே பெயரைத் தாங்கி எட்டுப் பங்குகள் அருகருகே அமைந்துள்ளமை, ஒரு மக்கட் குழுவின் நிலம் கூறுபட்ட வடுவாகும். புதிய துண்டுகள் புதிய உடைமையாளரின் பெயரைப் பெற்றன. பார்க்சயரில் வூல்ஸ்ரன் என்னும் ஊர், 10 ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அந்நிலத்தை உறுதிமூலம் பெற்ற வுல்ப்ரிக் என்ற தெயினின் பெயரால் வழங்குவதை மாக்கிரட் கெலிங் எடுத்துக்காட்டியுள்ளார். ஐந்து ஹைட் நிலமும் மணிக்கூடமும் அரண்வாயிலும் உடையவனாக ஒரு சியோர்ல் உயர்வானாயின் அவன் தெயினுக்குரிய உரிமைக்குத் தகுதியாவான் என 11 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்து எழுத்தொன்று கூறும். அரசும் இதே ஹைட்டைக் கொண்டே தன் அரண்களைக் கணக்கிட்டது. 10 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்துக் கோட்டைப் பட்டியலின்படி ஒரு ஹைட்டுக்கு ஒரு வீரன், ஒரு கோல் நீள மதிலுக்கு நான்கு வீரர். வின்செஸ்ரர் நகருக்கு 2,400 ஹைட் ஒதுக்கப்பட்டது. இக்கணக்கின்படி மதில் 3,300 யார் நீளமாகும். அந்நகரின் உரோம மதில் இதனோடு ஏறக்குறைய முற்றாகப் பொருந்துகின்றது. குடும்பத்தின் உணவுக் கடமையாகத் தொடங்கிய அளவு, மதிலின்மீது நிற்கும் ஆளாக மாறிற்று.

தொடக்கத்தில் எழுப்பிய வினாவுக்கு இப்போது திரும்பலாம். 679 இல் எல்லை எழுதப்படாமைக்குக் காரணம், நிலம் பெரிதாக இருந்தமையும் எல்லை ஆறாகவோ காடாகவோ இருந்தமையும் மட்டுமன்று. அதனை அறிந்த வட்டார மக்கள் ஒரு குழுவாக அங்கிருந்தமையுமாகும். வயலின் நடுவே, கீற்றுக்கும் கீற்றுக்கும் இடையே புதிய எல்லை சென்றபோது, அது ஒருவனுக்கு இலாபமும் அயலவனுக்கு நட்டமும் ஆயிற்று. நினைவை நம்புதல் இயலாதாயிற்று. ஆகவேதான் முள்மரம் எழுத்தில் ஏறிற்று. புறச்சமயத்தாரின் புதைகுழி என அச்சாசனங்கள் அடிக்கடி சுட்டும் எல்லை அடையாளங்களுட் சில, தம் முன்னோரே அடக்கப்பட்ட மேடுகளாக இருந்திருத்தல் கூடும். எழுதியோர் அதனை மறந்துவிட்டனர்.

எல்லைக்குள் உழுதவனின் நிலைமையை, சாக்சனியர் காலத்தின் இறுதிக் கட்டத்தில் பெருநிலமொன்றின் அதிகாரி எழுதியதாகக் கருதத்தக்க கடமைக் குறிப்பொன்று தருகின்றது. 'கெபூர்' எனப்பட்ட குடியானவன் நிலத்தில் அமர்த்தப்படும்போது இரு எருதும் ஒரு பசுவும் ஆறு ஆடும் விதைத்த ஏழு ஏக்கரும் பெறுகின்றான். பதிலாக வாரத்தில் இருநாள், அறுவடையில் மூன்று நாள், நிலக்கிழானுக்கு உழைக்கின்றான். அயலவனின் பொட்டு அடைக்கப்படாததற்கு நட்டஈடு கோரும் பேச்சு அங்கில்லை. அவன் இறந்ததும் அவன் விட்டுச்செல்வதை நிலக்கிழான் பொறுப்பேற்கின்றான்.